முதற் செவி

தாம் எழுதியதைத் தாமே படிக்கும் கிரந்தகர்த்தரின் கண் எழுத்தைத் தீண்டுமுன்னரே மனம் அதன் அர்த்தத்தை எட்டிவிடுவதால், ரகரம் நிற்க வேண்டிய இடத்தில் றகரம் நின்றாலும், வாதத்தின் இடையே ஒரு படி விடுபட்டிருந்தாலும், அவருக்கு அது புலப்படுவது அரிது. நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். பாண்டியன் அவையத்தில் அதங்கோட்டாசானுக்குத் தொல்காப்பியம் குற்றமற எடுத்துரைக்கப்பெற்ற செய்தியைப் பனம்பாரனாரின் பாயிரம் பதிந்து வைத்திருக்கிறது.

1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டு வெளியிட்ட உ. வே. சாமிநாதையர், கல்லூரியில் தமிழ் போதிக்கும் பதவியில் இருந்தும், சமண சமயக் கருத்துக்கள் விளங்காத இடங்களிலெல்லாம் கும்பகோணத்துச் சமண அன்பர்களிடம் மாணாக்கரைப்போல் சென்று கேட்டுத் தெளிந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் என் உள்ளம் உருகுகிறது. அந்த விநயம் இல்லாதிருந்தால் அப்பதிப்பு அத்தனை தெளிவு பெற்றிராது.

அச்சுப்பிழை திருத்துவோரின் சிரமமோ வேறு வகையானது. ஒருவர் மூலப்பிரதியை உரக்க வாசிக்க, மற்றொருவர் அச்சுப்படியின்மீது விரலை ஓட்டியவாறே காற்புள்ளியையும் ஒற்றையும் விடாமல் ஒப்புநோக்கிச் செல்வர். அவ்வாறு செல்கையில், எழுத்துப்பிழை ஏதுமில்லாத ஒரு வாக்கியத்தின் அருகே, பொருள் விளங்கவில்லை என்று ஓரத்தில் பென்சிலால் அவர் இடும் சிறு கேள்விக்குறியையே நான் மகத்தான உபகாரமாகக் கருதுகிறேன். பாராட்டுக் கடிதங்கள் பத்து வந்தாலும் அவற்றுள் ஒன்றேனும் அந்த வாக்கியத்தைத் திருத்தித் தரப்போவதில்லை.