மீதிப் பேர்

கதை எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. அவன் நினைத்தால் ஒரு நாட்டையே படைத்துவிடலாம். ஆறும் மலையும் ஒரே பக்கத்தில் உருவாகிவிடும். அங்கே யாரைக் குடியேற்றுவது என்னும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. இந்த இனம் இத்தனை பங்கு, அந்த இனம் இத்தனை பங்கு என்று எழுதிவிட்டால் நாடு கச்சிதமாக அமைந்துவிடும். ஆனால், அந்தப் பங்குகளிலிருந்து ஒரு மனிதன்கூட எழுந்து வந்து கதைக்குள் நடமாட மாட்டான்.

கற்பனையில் இது எழுத்தாளனின் சங்கடம். உண்மையான நாட்டிலோ தர்மசங்கடம். ஒருவனை இன்னான் என்று சொல்லும் உரிமை யாருக்கு? அவனுக்கா, சட்டத்துக்கா?

மொரீஷியஸ் தீவைப் பாருங்கள். கற்பனை நாட்டைப் போலவே அதுவும் ஆளில்லாத வெறும் நிலமாகத்தான் இருந்தது. 1638-ல் டச்சுக்காரர்கள் குடியேறி, 1710-ல் கைவிட்டுப் போனார்கள். பிறகு வந்த பிரெஞ்சுக்காரர்கள் ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்களும் கட்டட வேலைக்குப் போனார்கள். 1810-ல் தீவு ஆங்கிலேயர் வசமாயிற்று. 1834 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஏறக்குறைய நாலரை லட்சம் பேர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினார்கள். சீனர்களும் வந்தார்கள். ஆக, அந்தத் தீவில் எல்லோருமே வந்தவர்கள். ஒருவரை ஒருவர் வந்தேறி என்று ஏச அங்கே யாருக்கும் வாயில்லை.

1968-ல் விடுதலை கிடைத்தது. அரசியல் சட்டம் மக்களை நான்காக வகுத்தது. இந்துக்கள், முஸ்லிம்கள், சீன வம்சத்தார் என்று மூன்று. வாழும் முறையைப் பார்த்து, இம்மூன்றில் எதிலும் சேராதவராகத் தோன்றுகிறவர்கள் எல்லாம் 'பொது மக்கள்'. இதன் நோக்கம் நல்லதுதான். சிறிய சமூகம் ஒன்றுக்குச் சட்டசபையில் போதிய இடம் கிட்டாமற் போனால், தோற்றவர்களுள் நல்ல வாக்குப் பெற்றவர்களைக் கொண்டு ஈடுகட்ட எட்டு இடங்கள் ஒதுக்கி வைத்தார்கள். இதை ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. 'நாமெல்லாரும் ஒன்று' என்ற பேச்சு தொகையில் பெரியவர்களின் வாயில் சுலபமாக வந்துவிடும். சிறியவனின் காதில் அது சில சமயம் 'நீ பேசாமல் இரு' என்று விழும்.

ஆனால், அந்த நான்காவது கட்டத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். விலைக்கு வாங்கப்பட்ட அடிமையின் சந்ததியும், வாங்கிய தோட்ட முதலாளியின் சந்ததியும் அங்கே அருகருகே நிற்கிறார்கள்! இன்னார் அல்லர் என்பதே அவர்களுக்குச் சட்டம் தந்த பெயர். ஊரையும் பேரையும் பறிகொடுத்து விலங்கோடு வந்திறங்கியவனின் பேரப்பிள்ளைகளை, மறுபடியும் 'மீதிப் பேர்' என்று எழுதுவது என்ன நியாயம்?

பெயருள்ள கட்டத்திலும் புழுக்கம் உண்டு. தமிழர்கள் அங்கே இந்துக்கள் என்ற கட்டத்துக்குள் அடங்கியவர்கள். ஆயினும் 1998-ல் புதிய ரூபாய் நோட்டுகளில் தமிழ் எழுத்துக்கு மேலே இந்தி ஏறியபோது அவர்கள் கொதித்தெழுந்தார்கள். நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. சட்டம் ஒன்றாகக் கட்டியதை மனம் அவிழ்த்துவிட்டது.

1972-க்குப் பிறகு குடிக்கணக்கில் சமூகத்தைக் கேட்பதை அந்நாடு விட்டுவிட்டது. வேடிக்கை என்னவென்றால், நாற்பது ஆண்டுகள் கழித்தும் அதே பழைய கணக்கைக் கொண்டு இடங்களைப் பங்கிட்டார்கள். வேட்பாளரும் தம் சமூகத்தைச் சொல்லியாக வேண்டும். இப்படிக் கட்டாயப்படுத்துவது உரிமை மீறல் என்று 2012-ல் ஐ.நா. மனித உரிமைக் குழு சொல்லிற்று. 2014 தேர்தலுக்கு மட்டும், சொல்லாமலே நிற்கலாம் என்று சட்டத்தைத் தளர்த்தினார்கள்.

அப்படியானால் மக்களை எண்ணவே கூடாதா? எண்ணாத இடத்தில் அநீதிக்கு ஒளிந்துகொள்ள நல்ல வசதி. யாருக்கு நிலமில்லை, யார் பிள்ளைக்குப் பள்ளியில்லை என்று எண்ணித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எண்ணுங்கள், ஆனால், பதிலை அவனிடமே விட்டுவிடுங்கள். அவன் இரண்டு பெயர் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். வாய் திறக்க மறுத்தால் அதற்காக அவனைத் தேர்தலை விட்டு வெளியே தள்ளாதீர்கள்.

நான் ஒரு நாட்டைப் படைப்பதானால், கணக்கெடுப்பவனை முதலில் அந்த நான்காவது கட்டத்துக்குத்தான் அனுப்புவேன். "உங்களை என்னவென்று எழுதட்டும்?" என்று கேட்டுவிட்டு, அவர்கள் சொல்லும்வரை அவன் காத்திருக்க வேண்டும்.