சூது விடுதியில் தங்கலாமா?

பயணம் மனிதனைச் சற்றே இளகச் செய்யும். ஊரில் ஐயத்திற்குரிய எதையும் தொடத் தயங்குகிறவர்கூட, வெளிநாட்டில் கால் வைத்ததும், “வழிப்போக்கனுக்கு இது கூடும்” என்று தமக்குத் தாமே தீர்ப்பு வழங்கிக் கொள்வதுண்டு. மார்க்கமும் முஸாபிருக்குச் சலுகைகள் அளித்தே இருக்கிறது. நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கியது; நோன்பைப் பின்னொரு நாளில் நோற்க இடம் தந்தது. ஆயினும், சலுகை உடலின் களைப்பை முன்னிட்டு வந்தது. மனச்சான்றுக்கு எந்தப் பயணத்திலும் ஓய்வு இல்லை.

இன்று நம் இளைஞர் பலர் தொழில் நிமித்தம் அமெரிக்கா செல்கின்றனர். நெவாடா மாநிலத்து லாஸ் வேகஸ் நகரில் ஆண்டுதோறும் ஜனவரியில் கூடும் மின்னணுப் பொருட்காட்சிக்கும் பிற வணிக மாநாடுகளுக்கும் போகிறவர்கள் அவர்களில் உண்டு. அந்நகரின் பெரிய விடுதிகளில் மிகப் பல, கேசினோ எனப்படும் சூதுக்கூடத்தைத் தம்முள்ளேயே கொண்டவை. அவற்றுள்ளும் பழைய விடுதிகளில் அறை வாடகை பெரும்பாலும் குறைவு. “நாங்கள் சூதாடப் போவதில்லை, குடிக்கப் போவதில்லை, உறங்கி எழுந்து எங்கள் வேலையைப் பார்க்கப் போகிறோம். மலிவான அறை ஒன்றை எடுத்துக் கொள்வதில் என்ன குற்றம்?” என்று அவர்கள் கேட்கின்றனர். இது நேர்மையான கேள்வி. “ஹராமான இடம், போகாதே” என்ற ஒற்றை வரியில் இதை முடித்துவிடுவது கேட்டவருக்கும் நியாயம் ஆகாது. இல்முக்கும் நியாயம் ஆகாது.

முதலில் அவ்விடம் எத்தகையது என்று பார்ப்போம். நெவாடாவில் சூதாட்டம் 1909இல் தடை செய்யப்பட்டு, 1931இல் மீண்டும் சட்டபூர்வமாக்கப்பட்டது. பிரிமாண்ட் தெருவில் உள்ள எல் கார்டெஸ் விடுதி 1941இல் திறக்கப்பட்டது, இன்றும் நடைபெறுகிறது. பிளமிங்கோ 1946இல் வந்தது. 1957இல் திறந்த டிராபிகானா 2024 ஏப்ரலில் மூடப்பட்டு, அவ்வாண்டு அக்டோபரில் தகர்க்கப்பட்டது. இந்தப் பழைய விடுதிகளின் அமைப்பில் ஒரு கருத்து ஒளிந்திருக்கிறது. வாயிலிலிருந்து மின்தூக்கிக்குப் போகவும், மின்தூக்கியிலிருந்து உணவுக்கூடத்திற்குப் போகவும் சூதுக்கூடத்தைக் கடந்தாக வேண்டும். பெரும்பாலும் அங்கே சுவர்க் கடிகாரம் இராது. பகலா இரவா என்று காட்டும் சாளரமும் இராது. அறையும் உணவும் குறைந்த விலைக்குக் கிடைக்கும். விடுதிக்காரர் அறையை விற்றுப் பிழைக்க எண்ணியிருந்தால் அவ்விலைக்குத் தந்திருக்க மாட்டார். அவருடைய வாணிபம் கீழ்த்தளத்தில் நடந்தது. அறை அதற்கு வைத்த இரை. சூதில் கிடைக்கும் வெற்றியைத் தூண்டில் முள்ளோடு மீன் விழுங்கிய இரைக்கு ஒப்பிட்டார் வள்ளுவப் பெருந்தகை. அந்தத் தூண்டிலின் கயிறு வரவேற்பு மேசையிலேயே தொடங்குவதை நாம் இங்கே காண்கிறோம்.

கீழ்த்தளத்தின் கணக்கு எளியது. அமெரிக்க ரூலட் சக்கரத்தில் 38 குழிகள் உள்ளன. ஓர் எண்ணின் மீது பணம் வைத்தவனுக்கு அந்த எண் விழுந்தால் ஒன்றுக்கு 35 மடங்கு இலாபம் தருவார்கள். 38 வழிகளில் ஒன்றே அவனுக்கு உரியது. கிடைப்பதோ 35 மட்டுமே. ஆகவே வைக்கப்படும் ஒவ்வொரு 100 டாலரிலும் சராசரியாக ஐந்தேகால் டாலர் மேசைக்குச் சொந்தமாகிவிடுகிறது. இதில் ஏமாற்று ஏதும் தேவையில்லை. சக்கரம் நேர்மையாகச் சுற்றினாலே போதும். அந்த ஐந்தேகால் டாலர்கள் திரண்டு, தரை விரிப்பாகவும், விளக்கொளியாகவும், மேல்மாடியில் ஒரு மலிவான கட்டிலாகவும் உருமாறுகின்றன.

இனி, பத்வாவின் தளத்தில் நின்று பார்ப்போம். அறை என்பது ஆகுமான பொருள்; வாடகை என்பது ஆகுமான ஒப்பந்தம். யாருடைய செல்வத்தில் கூடுவதும் கூடாததும் கலந்திருக்கிறதோ, அவருடன் கொடுக்கல் வாங்கல் வைத்துக் கொள்வது முற்றாக விலக்கப்பட்டதன்று என்பது ஃபிக்ஹு நூல்களைப் பயின்றோர் அறிந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனத்து யூதர் ஒருவரிடம் தம் கவசத்தை ஈடு வைத்து வாற்கோதுமை பெற்றதை ஆலிம்கள் இதற்குச் சான்றாக எடுத்துக் காட்டுவர். வேறு தங்குமிடம் கிட்டாதவருக்கும், பணியில் அமர்த்திய நிறுவனமே இடத்தைத் தீர்மானித்துவிட்டவருக்கும் வாசல் இன்னும் விரிகிறது. மலேசியாவின் கெந்திங் மலையிலும் சட்டம் இத்தகைய கோட்டையே கிழித்திருக்கிறது. அந்நாட்டில் உரிமம் பெற்ற ஒரே சூதுக்கூடம் அங்குதான் உள்ளது. முதல் விடுதி 1971இல் திறந்தது. முஸ்லிம்கள் சூதுக்கூடத்தினுள் நுழையத் தடை உண்டு. விடுதியில் தங்கத் தடை இல்லை. நம் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் பல, குளிர்ந்த காற்றை நாடி அம்மலைக்குப் போய்த் தங்கி வருகின்றன.

ஆக, கோடு சூதுக்கூடத்தின் கதவில் கிழிக்கப்பட்டிருக்கிறது. மனச்சான்றின் கோடும் அதே கதவில்தான் இருக்கிறதா என்பதே நமது வினா.

இவ்விடத்தில் நம் உபதேசிகள் வழக்கமாகச் சொல்வது, “மனம் சபலப்படும்; எச்சரிக்கையாய் இரு” என்பதே. அது சரியான எச்சரிக்கைதான். ஆனால் உறுதியான உள்ளம் படைத்த ஒருவர், “எனக்குச் சபலமே இல்லை” என்றால், அதோடு பேச்சு முடிந்துவிடுமா? முடியாது என்று நாம் கருதுகிறோம். அவர் தம்மைப் பற்றி மட்டுமே யோசித்தார். தமக்குக் கிடைத்த மலிவை யார் விலை கொடுத்து வாங்கினார்கள் என்று அவர் இன்னும் கேட்கவில்லை.

சூதுக்கு அறபியில் ‘மைஸிர்’ என்று பெயர். இச்சொல் ‘யுஸ்ர்’, அதாவது எளிமை, என்ற வேரிலிருந்து வந்தது என்பது மொழியறிஞர் கூறும் காரணங்களுள் ஒன்று. பாடுபடாமல் எளிதாக வருவதனால் அப்பெயர். அறியாமைக் காலத்து அறபிகள் இதை ஆடிய விதத்தை ஸமக்ஷரீ முதலான விரிவுரையாளர்கள் விளக்கியிருக்கின்றனர். ஓர் ஒட்டகத்தை அறுத்துப் பங்கு வைப்பார்கள். பத்து அம்புகள் ஒரு பையில் குலுக்கப்படும். ஏழு அம்புகளுக்கு ஒன்று முதல் ஏழு வரை பங்குகள் உண்டு. மூன்று அம்புகள் வெற்று அம்புகள். வெற்றம்பு விழுந்தவர்கள் ஒட்டகத்தின் விலையைச் செலுத்த வேண்டும். வென்றவர்கள் தம் பங்கு இறைச்சியைத் தாம் உண்ணாமல் ஏழைகளுக்கு வழங்கிவிட்டு, அதைப் பெருமையாகப் பேசிக் கொள்வார்கள். ஆட்டத்தில் சேராதவனைக் கஞ்சன் என்று பழிப்பார்கள்.

சற்றே எண்ணிப் பாருங்கள். அந்தச் சூதினால் பசித்தவன் வயிறு நிறைந்தது. சூறா பகராவின் 219ஆம் வசனம் சூதில் மனிதர்க்குப் பயன்களும் உண்டு என்பதை மறைக்காமல் ஒப்புக்கொண்டு, அதன் பாவமே பயனினும் பெரிது என்று தீர்ப்பளிக்கிறது. அப்பயன்களில் ஒன்று இந்த இறைச்சி. உண்ட ஏழை அம்பைத் தொடவில்லை, பையைக் குலுக்கவில்லை. ஆயினும் அவன் உண்டது தோற்றவனின் காசு. பழைய சூது விடுதியின் மலிவு அறையில் நிம்மதியாக உறங்குகிறவரும் அந்த ஒட்டகத்தின் ஒரு பங்கையே பெறுகிறார். பசித்த ஏழைக்கு ஒரு நியாயம் இருந்தது. பொருட்காட்சிக்கு விமானத்தில் வந்தவருக்கு அந்த நியாயம் இருக்கிறதா?

சாதுரியமான ஒரு மறுப்பு இங்கே எழும். “நான் ஆடாமல் தங்கினால் விடுதிக்கு நட்டமல்லவா? சூதுக்காரனின் பணத்தை நான் குறைக்கிறேன், அது நன்மைதானே?” என்பர். கேட்க இனிக்கும் வாதம் இது. ஆனால் நட்டம் முதலாளியின் பையிலிருந்து போவதில்லை. ஒருவர் ஆடாவிட்டால் மற்றொருவர் ஆடுவார் என்பதைக் கணக்கிட்டுத்தான் வாடகை வகுக்கப்பட்டது. நம் கட்டிலுக்கான குறை, இரவு மூன்று மணிக்கு எழுந்து போக மனமில்லாமல் மேசையில் அமர்ந்திருக்கும் யாரோ ஒருவரிடமிருந்து ஈடு செய்யப்படும். அவருக்கும் வீடு உண்டு, குழந்தைகள் உண்டு.

இன்னொரு மறுப்பு இதனினும் கனமானது. அறைகளைத் துப்புரவு செய்யும் பெண்களும் சமையலாட்களும் அவ்விடுதிகளால்தான் பிழைக்கின்றனர். அந்நகரின் சமையல், விடுதித் தொழிலாளர் சங்கத்தில் ஏறத்தாழ 60,000 பேர் இருக்கின்றனர். அவர்களுடைய உழைப்பு ஆகுமானது. படுக்கை விரிப்பவள் யாருடைய பணத்தையும் சூதில் பறிக்கவில்லை. இதை நாம் ஏற்கிறோம். ஆனால் அவர்களுக்கு ஊதியம் தரும் விடுதி, சூதை நம்பித்தான் ஊதியம் தர வேண்டும் என்ற விதி இல்லை. 1990களின் இறுதியிலேயே அந்நகரின் முதன்மைச் சாலையில் அறை, உணவு, கேளிக்கை ஆகியவற்றின் வருவாய் சூதின் வருவாயை விஞ்சிவிட்டது. 2009இல் திறந்த விடாரா போன்று சூதுக்கூடமே இல்லாத விடுதிகளும் அங்கே எழுந்தன. அதை நடத்துவதும் சூதுக்கூடங்களை உடைய நிறுவனமே என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். எனினும் அங்கே அறைக்கு வாங்கும் விலை அறையின் விலை. தோற்றவனிடம் பாதியும் தங்குகிறவரிடம் பாதியுமாக அது வசூலிக்கப்படுவதில்லை.

பிஷ்ருல் ஹாஃபீ (ரஹ்) அவர்களின் சகோதரியைப் பற்றிய செய்தி ஒன்று நம் பெரியோர்களின் ஏடுகளில் சொல்லப்படுகிறது. அவர்கள் இரவில் கூரைமேல் அமர்ந்து நூல் நூற்பவர்கள். ஆட்சியாளரின் தீவட்டிகள் தெருவழியே செல்லும்போது அவ்வெளிச்சம் கூரைமீதும் விழும். “அந்த ஒளியில் நான் நூற்கலாமா?” என்று இமாம் அஹ்மது இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்களிடம் வந்து கேட்டார்கள். இமாம் அவர்கள் உடனே விடை கூறவில்லை, முதலில், “நீங்கள் யார்?” என்று வினவினார்கள். பிஷ்ரின் சகோதரி என்று தெரிந்ததும் கண்ணீர் விட்டு, “உங்கள் இல்லத்திலிருந்தே மெய்யான பேணுதல் புறப்படுகிறது, நீங்கள் அந்த ஒளியில் நூற்க வேண்டாம்” என்னும் கருத்துப்பட விடையளித்தார்கள்.

இச்செய்தியில் இரண்டு பாடங்கள் உள்ளன. கேளாமல் வந்து விழுந்த வெளிச்சத்துக்கும் எண்ணெய் வாங்கிய காசு யாருடையது என்று கேட்கலாம் என்பது ஒன்று. அந்த விடை ஊரார் அனைவர்க்கும் சட்டமாக ஆக்கப்படவில்லை என்பது மற்றொன்று. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா’வில் பேணுதலை நான்கு படிகளாக வகுத்ததும் இதனால்தான். பத்வா விலக்கியதை விலக்குவது முதற்படி. ஐயமானதை விடுவது இரண்டாவது. தீமைக்கு இட்டுச் செல்லும் என்று அஞ்சி ஆகுமானதையும் விடுவது மூன்றாவது. அல்லாஹ்வுக்கென்று இல்லாத எதையும் விடுவது நான்காவது. சூது விடுதியின் அறை முதற்படியில் நிற்பவரைத் தடுக்காது. இரண்டாம் படியில் கால் வைக்க விரும்புகிறவரையே அது நிறுத்திக் கேள்வி கேட்கும்.

இதில் ஒரு வேதனையும் உண்டு. தன் விலையில் தானே நிற்கும் அறை அதிக வாடகை கேட்கிறது. தோற்றவர் காசில் நிற்கும் அறை குறைவாகக் கேட்கிறது. செல்வருக்குப் பேணுதல் எளிது. கைப்பணம் குறைந்தவருக்கு அது சுமை. ஆகவே, வசதியுள்ளவர் மலிவை நாடிச் சூது விடுதிக்குப் போவதை நாம் ஒப்பமாட்டோம். வேறு வழியற்றவர் போவதைப் பழிக்கவும் மாட்டோம். அவ்வாறு போகிறவர் சிலவற்றைக் கருத்தில் கொள்வது நன்று. ஆட்டக்காரரை இழுக்க விடுதி வழங்கும் இலவச உணவுச் சீட்டையும் பரிசுச் சில்லையும் பெறாதிருக்கட்டும். அவை ஒட்டக இறைச்சியின் வெளிப்படையான துண்டுகள். விளம்பர வாடகையோடு நாள்தோறும் சேர்க்கப்படும் தனிக் கட்டணத்தையும் கூட்டிப் பார்க்கட்டும். கூட்டினால் மலிவே மறைந்துபோவதுண்டு. முழு விலையையும் முதலிலேயே காட்ட வேண்டுமென்ற அமெரிக்க விதி 2025 மே மாதத்திலிருந்துதான் நடைமுறைக்கு வந்தது. குழந்தைகளோடு செல்பவர், நாள்தோறும் அவர்கள் எந்தக் கூடத்தைக் கடந்து நடப்பார்கள், எந்தப் புகையைச் சுவாசிப்பார்கள் என்று எண்ணட்டும். நெவாடாவின் 2006ஆம் ஆண்டுப் புகைத்தடைச் சட்டம் சூதுக்கூடங்களுக்கு விலக்களித்திருக்கிறது.

பழைய கட்டடம் என்றால் தீப்பாதுகாப்பையும் கேட்டறிவது கடமை. 1980 நவம்பர் 21ஆம் நாள் அந்நகரின் எம்.ஜி.எம். கிராண்ட் விடுதியில் பற்றிய தீயில் 85 பேர் மாண்டனர். தீ எழுந்தது கீழ்த்தளத்து உணவுக்கூடத்தில். பாய்ந்து எரித்தது சூதுக்கூடத்தை. ஆனால் இறந்தோரில் பெரும்பகுதியினர் மேல்மாடிகளில் இருந்தவர்கள். அவர்களைக் கொன்றது மேலேறிய புகை. அதன் பின்னரே பழைய விடுதிகளிலும் நீர்த்தெளிப்பான்கள் கட்டாயமாயின.

கடைசியாக ஒன்று. அறையை வேண்டாமென்று விட்டவர், அதை எடுத்தவரைவிடத் தாம் உயர்ந்தவர் என்று எண்ணத் தொடங்கினால், மிச்சப்படுத்திய நன்மையை வேறொரு மேசையில் தோற்றுவிட்டார். மலிவாக ஒன்று கைக்கு வரும்போதெல்லாம், இதன் மிச்ச விலையைச் செலுத்தியவர் யார் என்று கேட்கும் பழக்கம் நமக்கு வரட்டும். அக்கேள்வி விடுதி அறைக்கு மட்டுமன்று. நாம் உடுத்தும் துணிக்கும் உண்ணும் சோற்றுக்கும் பொருந்தும். வல்லாஹு அஃலம்.