ஓய்வும் கடனும்

புலம்பெயர்ந்த எங்கள் நடுவே அடிக்கடி கேட்கிற முறைப்பாடு ஒன்று உண்டு. "நாங்கள் இங்கே கோப்பை கழுவிக் காசு அனுப்புகிறோம். அங்கே தம்பி கம்பஸில் படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு ஊர் சுற்றுகிறான்." கைத்தொலைபேசிக்குப் படங்கள் வருகின்றன. எல்லவில், ஒன்பது வளைவுப் பாலத்தின் மேல் நாலு பெடியள். அடுத்த கிழமை யாழ்ப்பாண நகரத்தில் பொரித்த கோழி. அதற்கடுத்த கிழமை புதுப்படம், முதல் காட்சி. குசினிக்குள் நின்று இவற்றைப் பார்க்கிறவனுக்கு வயிறு எரிகிறது. இந்த எரிச்சல் நியாயமானதுதானா?

முறைப்பாட்டை இலகுவில் தட்டிவிட முடியாது. அதன் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ஏஜென்சிக்காரனுக்குக் கொடுக்க வாங்கிய கடன், அதன் வட்டி, அக்காவின் கலியாணம், வீட்டுக் கூரை, இவற்றுக்கெல்லாம் பிறகுதான் தம்பியின் படிப்பு. அனுப்புகிற ஒவ்வொரு யூரோவையும் நாங்கள் மணித்தியாலத்தில்தான் எண்ணுகிறோம். அங்கே ஒரு மேசைச் சாப்பாட்டுக்குப் போகிற காசு, இங்கே நீராவிக்குள் நின்ற ஒரு பின்னேரம்.

ஆனால் இந்தக் கணக்குக்குள் வெளியே சொல்லப்படாத கருத்து ஒன்று ஒளிந்திருக்கிறது. ஓய்வு என்பது உழைத்தவனுக்குக் கிடைக்கும் கூலி. தம்பி இன்னும் உழைக்கவில்லை. ஆகவே அவனுடைய ஓய்வு எங்களிடம் பட்ட கடன் என்பதே அது. இதைத்தான் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

ஓய்வு என்றால் என்ன? பாரிஸ் றெஸ்ரோரண்டுகளில் வேலை செய்கிறவர்களுக்குக் 'கூப்பூர்' என்ற சொல் தெரியும். மத்தியான வேலைக்கும் இரவு வேலைக்கும் நடுவில் விடப்படுகிற, சம்பளமில்லாத மூன்று மணித்தியாலம். வீட்டுக்குப் போய் வர நேரம் போதாது. படுக்க இடமில்லை. குளிர்காலத்தில் லாச்சப்பல் பக்கம் போய் ஒரு தேத்தண்ணியை வைத்துக்கொண்டு இருக்கிறோம். அந்த நேரத்தில் வேலை இல்லைத்தான், ஆனால் அதை ஓய்வென்று சொல்ல எங்களால் முடிவதில்லை. ஆறு மணிக்குத் திரும்பவும் நிற்கவேண்டிய கால்களை முதலாளிக்காகப் பத்திரப்படுத்தி வைக்கிற நேரம் அது. ஓய்வு என்பது ஒருவன் எவருக்கும் கருவியாக இல்லாமல் இருக்கிற நேரம். அதை மணிக்கூட்டால் மட்டும் அளக்க முடியாது.

பிரெஞ்சில் பள்ளிக்கூடத்துக்கு 'எக்கோல்' என்கிறார்கள். அது 'ஸ்கோலே' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அந்தச் சொல்லின் பொருள் ஓய்வு. உழைப்பே ஓய்வுக்காகத்தான் என்று எண்ணியவர் அரிஸ்டோட்டில். பிழைப்பின் நெருக்குதல் இல்லாத நேரத்தில்தான் மனிதன் யோசிக்கவும் கற்கவும் முடியும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. அந்தக் கணக்கில் மாணவனும் ஓய்வும் பிரிக்க முடியாதவை. ஆனால் கிரேக்கர்களின் ஓய்வை அடிமைகள் சுமந்தார்கள் என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது. அந்த விஷயத்துக்குப் பிறகு வருவோம்.

உழைக்கிறவனுக்குக்கூட ஓய்வு கூலியாகக் கிடைத்ததில்லை. நாங்கள் பரிமாறுகிற இந்த நாட்டுக்காரரின் விடுமுறைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1936 மே, யூன் மாதங்களில் பிரான்சின் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து தொழிற்சாலைகளுக்குள்ளேயே குந்தியிருந்தார்கள். அந்த யூனிலேயே லெயோன் புளூமின் அரசாங்கம் வருடத்துக்கு இரண்டு கிழமை சம்பளத்துடனான விடுமுறையையும் 40 மணித்தியால வேலைக்கிழமையையும் சட்டமாக்கியது. லெயோ லக்ராஞ்ச் ரயில் கட்டணத்தில் கழிவு வாங்கிக் கொடுத்தார். முதன்முறையாகக் கடற்கரைக்கு வந்த தொழிலாளிக் குடும்பங்களைப் பார்த்து வசதி படைத்தவர்கள் முகம் சுளித்தார்கள். இவர்களுக்கு ஏன் கடற்கரை என்பதுதான் அந்தச் சுளிப்பின் பொருள். தம்பியின் படத்தைப் பார்த்து நாங்கள் கேட்கிற கேள்வியும் அதே குரலில்தான் வருகிறது. முதலாளியின் கேள்வி எங்கள் வாய்க்குள் எப்படி வந்தது?

ஊர் நிலைமையையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். எங்களில் பலர் படிப்பை இடையில் விட்டுவிட்டு வந்தவர்கள். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்ட பிறகு யாழ்ப்பாணத்தில் படித்த எங்களுக்குப் பயணம் என்றால் இராணுவ அனுமதிக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் கப்பலுக்குக் காத்திருப்பது. இருட்டினால் ஊரடங்கு. படம் என்றால் சாத்திய அறைக்குள் ஒரு கணினியைச் சுற்றி ஆறு பேர், சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு. நாலு பெடியள் காரணமில்லாமல் சந்தியில் சேர்ந்து நின்றால் வீட்டில் தாய்மாருக்கு நித்திரை வராது. 1990 இல் நின்றுபோன யாழ்தேவி 2014 ஒக்ரோபரில்தான் மறுபடி யாழ்ப்பாண நிலையத்துக்கு வந்தது. இருபத்துநாலு வருடம். இந்தக் கணக்கோடு பார்த்தால், நாலு பெடியள் ரயிலேறிப் போய் ஒரு பாலத்தின் மேல் சும்மா நிற்பது சின்ன விஷயமல்ல. போர் எடுத்துக்கொண்டவற்றில் அதுவும் ஒன்று. அதை அவர்கள் திரும்ப வைத்திருப்பதைக் கண்டு நாங்கள் ஏன் பொறாமைப்பட வேண்டும்?

"அப்படியென்றால் அவனுக்குப் பொறுப்பே இல்லையா?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். இருக்கிறது. ஆனால் அது எங்களுக்கு ரசீது காட்டுகிற பொறுப்பென்று நாங்கள் நினைக்கவில்லை. ஒவ்வொரு சதத்துக்கும் கணக்குக் கேட்டு அனுப்புகிற காசு கட்டளையாக மாறிவிடுகிறது. அதன் கீழ் படிக்கிற பிள்ளை பட்டம் எடுக்கலாம். தன் விருப்பம் இன்னதென்று அறியாமலே வளர்ந்தும் விடலாம். அவனுடைய பொறுப்பு பக்கத்தில் இருக்கிறவர்களைப் பார்த்தது. அந்தப் பாலத்தைச் சுற்றிலும் தேயிலை. அதில் கொழுந்து பறிக்கிறவர்களின் முன்னோர் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். 1948 ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. நாட்கூலியாக ஆயிரம் ரூபா கேட்டு வருடக்கணக்காகப் போராடியவர்களுக்கு 2021 இல்தான் அந்தத் தொகை நிர்ணயமானது. சாப்பாட்டுக் கடையில் மேசை துடைக்கிற பெடியனுக்கும் தம்பியின் வயதுதான் இருக்கும். இவர்களைப் பார்க்காத ஓய்வு கிரேக்க எசமானின் ஓய்வு. பார்த்துவிட்டால் ஓய்வை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. இது எனக்கு உண்டென்றால் அவனுக்கும் உண்டு என்று நினைக்கத் தொடங்கினால் போதும், மற்றவை அதிலிருந்து வரும்.

இதே நினைப்பு எங்களுக்கும் தேவைப்படுகிறது. வயிற்றெரிச்சல் பொய்யானதல்ல, அது தவறான விலாசத்துக்குப் போகிறது, அவ்வளவுதான். 1948 இன் மனித உரிமைப் பிரகடனம் 24 ஆம் உறுப்புரையில் ஓய்வை மனிதர் எல்லோருக்கும் உரிமையாகச் சொல்கிறது. பிரெஞ்சுச் சட்டம் 1982 முதல் வருடத்துக்கு ஐந்து கிழமை விடுமுறை தருகிறது. எங்களில் விசா இல்லாதவன் அதைக் கேட்கப் பயப்படுகிறான். விசா உள்ளவன் அந்த ஐந்து கிழமையிலும் இன்னொரு குசினியில் கறுப்பில் வேலை செய்கிறான். கடன் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்கிறோம். கடன் முடிந்தவர்களும் அதையேதான் சொல்கிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் எந்தப் பக்கம் சைக்கிளை விட்டாலும் கடைசியில் கடல் வரும். பாரிசிலிருந்து ரயிலேறினால் இரண்டு மணித்தியாலத்தில் நோர்மாண்டிக் கடற்கரை. பத்து வருடமாக இங்கே இருந்தும் அந்தக் கடலை ஒருமுறையேனும் பார்க்காதவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். தம்பி எல்லவுக்கு ஏன் போனான் என்று கேட்பதற்கு முன்னால், நாங்கள் ஏன் இன்னும் போகவில்லை என்பதற்கு ஒரு பதில் தேட வேண்டும்.