இரண்டு பூஜ்ஜியங்கள்

ப்ளஸ் ஒன் வேதியியலில் இருமுனை திருப்புத்திறன் என்றோர் அளவு வரும். ஒரு மூலக்கூறில் மின்சுமை ஒரு பக்கமாக எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று சொல்லும் எண் அது. அலகு டிபை. தண்ணீருக்கு 1.85, அம்மோனியாவுக்கு 1.47, நைட்ரஜன் வாயுவுக்குப் பூஜ்ஜியம், கார்பன் டை ஆக்சைடுக்கும் பூஜ்ஜியம். எண் இருந்தால் முனைவுள்ள மூலக்கூறு, பூஜ்ஜியமானால் முனைவற்றது என்று எழுதிவிட்டால் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் கடைசியில் சொன்ன அந்த இரண்டு பூஜ்ஜியங்களும் ஒன்றல்ல.

நைட்ரஜனில் இரண்டு அணுக்களும் ஒரே இனம். நடுவில் பங்கிட்டுக்கொண்ட எலக்ட்ரான்களை எந்த அணுவும் தன் பக்கம் கூடுதலாக இழுப்பதில்லை. கார்பன் டை ஆக்சைடு அப்படியில்லை. லைனஸ் பாலிங் வகுத்த எலக்ட்ரான் கவர்தன்மை அளவுகோலில் ஆக்சிஜனுக்கு 3.44, கார்பனுக்கு 2.55. நடுவில் நிற்கும் கார்பனிடமிருந்து இரு பக்கத்து ஆக்சிஜன்களும் எலக்ட்ரான்களை நன்றாகவே இழுக்கின்றன. மூன்று அணுக்களும் ஒரே நேர்கோட்டில் இருப்பதால் ஒரு பக்கத்து இழுப்பை மறுபக்கத்து இழுப்பு ஈடுகட்டிவிடுகிறது. சமபலமுள்ள இரண்டு அணிகள் மூச்சைப் பிடித்து இழுக்கும் கயிறும் அசையாது, யாரும் தொடாமல் மைதானத்தில் கிடக்கும் கயிறும் அசையாது. தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

தண்ணீரிலும் இரு பக்கத்து இழுப்பு உண்டு. ஆனால் அந்த மூலக்கூறு 104.5 பாகைக் கோணத்தில் வளைந்திருக்கிறது. இழுப்புகள் எதிரெதிராக அமையாததால் கணக்கு நேராகவில்லை. ஆக்சிஜன் பக்கம் சற்றே எதிர்மின், ஹைட்ரஜன்கள் இருக்கும் பக்கம் சற்றே நேர்மின். உப்பின் அயனிகளைத் தண்ணீர் பிரித்தெடுத்துக் கரைப்பதும், எண்ணெயோடு ஒட்டாமல் நிற்பதும் இதனால்தான். ஒரு தண்ணீர் மூலக்கூறின் நேர்மின் முனையை அடுத்ததன் எதிர்மின் முனை பிடித்துக்கொள்ளும். அதுதான் ஹைட்ரஜன் பிணைப்பு. மூலக்கூறு நிறை 18 மட்டுமே உள்ள தண்ணீரைக் கொதிக்கவைக்க 100 டிகிரி செல்சியஸ் தேவைப்படுகிறது. 44 நிறையுள்ள கார்பன் டை ஆக்சைடோ, உறைந்த கட்டியாக இருந்தாலும் மைனஸ் 78 டிகிரியிலேயே ஆவியாகிப் போகிறது.

இந்த வளைவையும் நேர்கோட்டையும் கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லை. டச்சுக்காரரான பீட்டர் டிபை சுற்றுவழியில் போனார். இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே வாயுவை வைத்து மின்புலம் கொடுத்தால், முனைவுள்ள மூலக்கூறுகள் புலத்தின் திசைக்குத் திரும்பி நிற்கப் பார்க்கும். வெப்பம் கூடினால் அந்த ஒழுங்கு குலையும். முனைவற்ற மூலக்கூறுகளுக்குத் திரும்ப வேண்டிய முகமே இல்லாததால் வெப்பம் அவற்றை அந்த வகையில் பாதிக்காது. ஆகவே வெப்பநிலையை மாற்றி மாற்றி அளந்தால் சாய்வு எவ்வளவு என்று கணக்கிடலாம். கார்பன் டை ஆக்சைடுக்குப் பூஜ்ஜியம் வந்தது, ஆகவே அது நேர்கோடு. தண்ணீருக்கு வரவில்லை, ஆகவே அது வளைந்தது. மூலக்கூறுகளின் அமைப்பை இப்படி அறியச் செய்ததும் சேர்த்துத்தான் 1936இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

வடிவத்தை விட்டுவிட்டு விதியை மட்டும் மனப்பாடம் செய்பவரை மடக்க ஓசோன் போதும். மூன்றும் ஆக்சிஜன் அணுக்கள்தான், வேறு சரக்கே கிடையாது. ஆனாலும் அதற்கு 0.53 டிபை உண்டு. வளைந்த அமைப்பில் நடு அணுவின் நிலைமை ஓரத்து அணுக்களின் நிலைமை அல்ல. நைட்ரஜன் டிரைஃபுளூரைடு இன்னும் குறும்பானது. ஃபுளூரின் எல்லாத் தனிமங்களையும்விட வலுவாக எலக்ட்ரானை இழுப்பது, ஆகவே இது அம்மோனியாவைத் தூக்கிச் சாப்பிட வேண்டும் என்றுதான் தோன்றும். அளந்தால் 0.23. நைட்ரஜனின் உச்சியில் பிணைப்பில் சேராத ஓர் எலக்ட்ரான் இணை இருக்கிறது. அம்மோனியாவில் அது பிணைப்புகளின் சாய்வோடு ஒரே திசையில் கூடுகிறது. இங்கே ஃபுளூரின்களுக்கு எதிர்த்திசையில் நின்று கழிக்கிறது. தேர்வில் கேட்க இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரிந்து இல்லை.

சரி, அந்த இரண்டு பூஜ்ஜியங்களையும் எப்படிப் பிரித்தறிவது? மூலக்கூறை அதிரவைத்துப் பார்க்க வேண்டும். நைட்ரஜன் நீண்டு சுருங்கினாலும் இரு பக்கமும் சமம்தான். பூஜ்ஜியம் பூஜ்ஜியமாகவே இருக்கும். கார்பன் டை ஆக்சைடு வளைந்து நிமிர்ந்து அதிரக்கூடியது, வினாடிக்கு ஏறத்தாழ 20 லட்சம் கோடி முறை. வளையும் கணத்தில் அதன் வடிவம் தண்ணீரைப் போலாகிவிடுகிறது; ஈடுகட்டி வைத்திருந்த இழுப்புகள் வெளியே தெரிகின்றன. அதே வேகத்தில் அதிரும் அகச்சிவப்புக் கதிர் வந்தால் மூலக்கூறு அதை விழுங்கிக்கொள்கிறது. அந்தக் கதிரின் அலைநீளம் 15 மைக்ரோமீட்டர். சூடேறிய பூமி வானத்துக்குத் திருப்பி அனுப்பும் வெப்பத்தில் பெரும்பங்கு இந்த அலைநீளத்தின் அக்கம்பக்கத்தில்தான் இருக்கிறது.

காற்றில் நைட்ரஜன் 78 சதவீதம், ஆக்சிஜன் 21 சதவீதம். இவை இரண்டும் அந்த வெப்பத்தை மறிப்பதில்லை. மறிப்பதில் முக்கியமானவை நீராவியும், 0.04 சதவீத அளவே உள்ள கார்பன் டை ஆக்சைடும். முனைவற்றது என்று பாடத்தில் ஓரமாக ஒதுக்கிவைத்த மூலக்கூறு பூமியின் காய்ச்சலுக்குக் காரணமாவது இந்த வழியில்தான். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஜான் டிண்டல் 1859இல் வெவ்வேறு வாயுக்களைக் குழாயில் அடைத்து வெப்பக்கதிரைச் செலுத்தியபோதே இந்த வேறுபாட்டைக் கண்டுவிட்டார். மறிக்கும் வாயுக்கள் ஏன் மறிக்கின்றன என்று விளக்க அவருக்கு வழியில்லை. எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட இன்னும் 38 ஆண்டுகள் இருந்தன.