துருவேறிய மரையும் வன்மையின் எல்லையும்

உயிரற்ற பொருளிடம் வன்மை காட்டுவது குற்றமாகுமா? இரும்புக்கு நோவில்லை, ஆகவே அங்கே அறம் பேசுவது வீண் என்பர் சிலர். நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ பழைய லாரியொன்றைப் பழுதுபார்க்கும் பட்டறையில் இவ்வினாவை எழுப்பினால், விடை அத்துணை எளிதன்று என்பது விளங்கும்.

பல்லாண்டுகள் மழையிலும் சேற்றிலும் ஓடிய லாரியில் போல்ட்டும் நட்டும் ஒன்றிப்போயிருக்கும். இரும்பு துருவாகும்போது முன்னையதைப் போல் இரு மடங்குக்கும் மேற்பட்ட இடத்தை அடைக்கிறது. மரைகளின் நுண்ணிய இடைவெளியில் அத்துரு ஆப்பைப் போல் இறுகிவிடும். ஸ்பேனரில் நீண்ட குழாயைச் செருகி முழு வலுவுடன் திருப்பினால், நட்டு அசையுமுன் மெலிந்த போல்ட் முறிகிறது. பழைய லாரிகள் பலவற்றில் இடப்பக்கச் சக்கர நட்டுகளுக்கு இடச்சுற்று மரை உண்டு. அதை அறியாதவன் கழற்றுவதாக எண்ணி இறுக்குகிறான். வலிமை மிகுந்தவனாயின் கேடும் மிகுதி. அறியாமையோடு கூடிய ஆற்றலைச் சான்றோர் அஞ்சியது இதனாலன்றோ!

பொறுமையுள்ள மெக்கானிக், மரையில் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைப்பார். சுத்தியலால் தட்டித் துருவின் பிடியைத் தளர்த்துவார். முதலில் சிறிது இறுக்குவார், பின் தளர்த்துவார், மீண்டும் இறுக்குவார். அதற்கும் இணங்காவிடில், டீசல் தொட்டியும் பிரேக் குழாயும் அருகில் இல்லையென்று பார்த்து நட்டைச் சூடேற்றுவார். நட்டு விரிந்து பிடி தளரும். தட்டுவதும் சுடுவதும் வன்மையல்லவா எனின், வன்மையே. ஆயினும் அது பொருளின் இயல்பறிந்து அளவோடு செல்கிறது. போல்ட்டைக் காப்பதும் நோக்கமன்று. விலை குறைந்த அதை வெட்டியெறியலாம். காக்க வேண்டியது அதைத் தாங்கும் பாகத்தை. எஞ்சினுள் முறிந்து தங்கிய துண்டின்மேல் நட்டொன்றை வெல்டிங் செய்து திருப்பியெடுப்பர். இயலாதபோது அதன் நடுவே துளையிடுவர். துளை சற்றே விலகினாலும் எஞ்சினின் மரை பாழாகும்.

இரும்புக்கு நோவில்லை என்பது மெய்யே. குழாய் வழுக்கும்போது நசுங்குவது தொழில் பழகும் இளைஞனின் விரல், அதற்கு நோவுண்டு.

இதனினும் கொடியது முறிந்தபின் நிகழ்வது. சக்கரத்தின் ஸ்டட் ஒன்று முறிந்ததைச் சொல்லாமல், எஞ்சியவற்றை இறுக்கி வண்டியை அனுப்பிவிடுவோர் உளர். முறிந்ததன் சுமை அண்டையிலுள்ளவற்றின்மீது விழ, காலப்போக்கில் அவையும் முறியும். கழன்றோடும் சக்கரத்துக்கு எதிரே வருபவர் யார் என்று தெரியாது. "நான் பொய் சொல்லவில்லையே" என்று அவர் வாதிக்கலாம். கிரீசைப் பூசி மறைத்த கை சொன்னது என்னவாம்?

தவணை கட்டும் லாரி உரிமையாளருக்கு ஒரு நாள் தாமதமும் இழப்பே. அவ்விழப்பு யாரைச் சாரும்? அவசரத்தால் முறித்திருந்தால் மெக்கானிக் கூலியில் கழிப்பது முறை. முன்பே பழுதாகியிருந்ததெனில், ஆண்டுக்கணக்கில் கவனியாத உரிமையாளரே ஏற்க வேண்டும். கடைசியாகத் தொட்டவர்மேல் பழி சுமத்துவது நம்மிடையே எளிதாகிவிட்டது. உடைந்த முகத்தைப் பார்த்தால் ஓரளவு தெரியும். முழுதும் புதிதாக ஒளிர்ந்தால் அன்றைய விசையின் வேலை. ஒரு பகுதி கறுத்துத் துருப்படிந்திருந்தால் விரிசல் பழையது. அத்துண்டை எறியாமல் எடுத்துவைத்து உரிமையாளரிடம் காட்டும் பட்டறைகளில் கணக்கு விரைவில் தீர்கிறது.