உற்சவத்தை அயலார்க்கு உரைப்பது எங்ஙனம்?

ஆங்கில அகராதியில் ‘ஜகர்நாட்’ என்றொரு சொல் உண்டு. எதிர்ப்பட்டதையெல்லாம் நசுக்கிச் செல்லும் பெருஞ்சக்தி என்பது அதன் பொருள். பூரி க்ஷேத்திரத்து ஜகந்நாதனுடைய திருநாமமே இவ்வாறு திரிந்தது. 14ஆம் நூற்றாண்டில் பாரதம் வந்த ஓடோரிக் என்னும் இத்தாலியத் துறவி, தேர்விழா ஒன்றில் பக்தர்கள் தாமே சக்கரத்தின்கீழ் விழுந்து மாய்வதாக எழுதிவைத்தார். பின்வந்தோர் அதனைப் பூரித் தேரின்மேல் ஏற்றிப் பெருக்கினர்.

அயலார் சொன்னது அப்படியிருக்க, நம்மவர் சொல்வது மட்டும் செம்மையாக உள்ளதா? கடல் கடந்து வாழும் அன்பர்களை அங்குள்ளோர், “இவ்விழா எதற்கு?” என்று வினவுகின்றனர். “உங்கள் கிறிஸ்துமஸ் போன்றது” என்றோ, “ஒற்றுமை வளர முன்னோர் வகுத்தது” என்றோ விடை பிறக்கிறது. கேட்டவர் தலையசைக்கிறார், பேச்சு முடிகிறது. இதனைப் பொய்யென்று தள்ளவியலாது. ஆயினும் எம்பெருமான் அந்த விடையில் இல்லை.

பூரியில் நிகழ்வது யாது? ஜ்யேஷ்ட பௌர்ணமியன்று 108 குடத் தீர்த்தத்தில் நீராடிய பெருமானுக்கு ஜுரம் காண்கிறது. ஏறத்தாழ 15 நாள் சேவை இல்லை. மூலிகை மருந்து சமர்ப்பிக்கப்படுகிறது. தேறியபின், தமையன் பலபத்திரனோடும் தங்கை சுபத்திரையோடும், ஆண்டுதோறும் புதிதாகச் செய்யப்படும் மூன்று தேர்களில் குண்டிசா கோயிலுக்கு எழுந்தருள்கிறான். கஜபதி மன்னர் தேர்த்தட்டைப் பெருக்குகிறார். உடன் அழைத்துச் செல்லாததற்குப் பிராட்டி ஐந்தாம் நாள் சினந்து வந்து தேரின் சிறு பகுதியை முறிப்பதும் உண்டு. திருவரங்கத்து மட்டையடி உற்சவத்தை அறிந்தவர்க்கு இது புதிதன்று.

கூச்சம் பிறப்பது அந்த ஜுரத்திடத்திலேதான். கடவுளுக்குக் காய்ச்சலா என நகைப்பரே என்றஞ்சி, அதனை விட்டு, சக்கரம் 16 என்ற கணக்கை மட்டும் சொல்லிவிடுகின்றனர். பரத்வம் எச்சமயத்தாரும் கூறுவது. அடியார் மருந்து கொடுக்கும்படி தன்னைத் தாழவிட்டுக்கொள்ளும் ஸௌலப்யத்தையன்றோ நம் ஆசார்யர்கள் நெஞ்சுருகப் பேசினர்! அதை மறைத்துவிட்டால் தேரில் மரமும் கயிறுமே மிஞ்சும்.

மறைக்கலாகாதது வேறொன்றும் உண்டு. நெரிசலில் உயிர்கள் போயிருக்கின்றன. 2025இல் குண்டிசா கோயிலருகே மூவர் மாண்டனர். கேட்டால் ஆம் என்றே கூறவேண்டும். அது நெரிசல், நேர்த்திக்கடனன்று என்று பிரித்துரைப்பவரே ஓடோரிக்குக்கு விடையளித்தவராவார்.

1967இல் அமெரிக்க நாட்டு ஸான் பிரான்ஸிஸ்கோ நகரில் ரதயாத்திரை நடந்தபோது லாரி ஒன்றே தேராயிற்று. அத்தகைய வீதியில் நின்று ஒருவர் வினவினால், பாட்டிமார் பேரக்குழந்தைக்குச் சொல்வதையே சொல்லலாம்: “பெருமாளுக்கு உடம்பு தேறிவிட்டது, அண்ணன் தங்கையோடு வெளியே புறப்பட்டிருக்கிறார்.”