இடும் இடம் அறிந்து இடுதல்



நம் முனிவர்கள் கடைப்பிடிக்கும் ஐந்து சமிதிகளுள் இறுதியில் நிற்பது உத்சர்க்க சமிதி. கழிக்க வேண்டிய ஒன்றைக் கழிக்குமுன், அவ்விடத்தில் சிற்றுயிர் உளதா எனக் கூர்ந்து நோக்கி, மயிற்பீலியால் மெல்ல ஒதுக்கி, அதன் பின்னரே கழித்தல் அந்நெறி. நடத்தல், பேசுதல், உணவு ஏற்றல், பொருளை எடுத்து வைத்தல் ஆகியவற்றுக்கு ஒழுக்கம் வகுத்த ஆசாரியர்கள், எறிவதற்கும் ஓர் ஒழுக்கம் வகுத்தனர். துய்த்தவுடன் நம் பொறுப்பு தீர்வதில்லை. அப்பொருள் சென்று தங்கும் இடம் வரை அது நம்மைத் தொடர்கிறது.

இல்லறத்தார்க்கு இவ்வளவு கடுமை விதிக்கப்படவில்லை. ஆயினும் அநர்த்த தண்டங்களுள் பிரமாதசரியை என ஒன்று உண்டு. பேச்சு வழக்கில் ‘பிரமாதம்’ என்றால் இன்று பாராட்டு! ஆகமத்தில் அச்சொல்லுக்குப் பொருள் விழிப்பின்மை. தத்துவார்த்த சூத்திரம் கொலைக்கு இலக்கணம் கூறுமிடத்தும் விழிப்பின்மையையே காரணமாக வைக்கிறது. செங்கல்பட்டில் கடைக்குச் சென்றவர் வீசிய பாலிதீன் பை எவரையும் கொல்லும் எண்ணத்தோடு வீசப்பட்டதன்று. ஆனால் அவ்வூரை ஒட்டி ஓடும் பாலாறு, மாமல்லபுரத்துக்குத் தெற்கே வயலூர் அருகே கடலில் கலக்கிறது. மழைக்கால வெள்ளம் பையையும் உடன் கொண்டு செல்கிறது. கடலில் மிதக்கும் அப்பையைச் சொறிமீன் என்று எண்ணிப் பங்குனி ஆமை விழுங்குகிறது. குடல் அடைபட்டு அது மடியக்கூடும்.

இதனை நூலைக் கொண்டு கற்பிப்பதினும் கையைக் கொண்டு கற்பித்தல் நன்று. நம் பிள்ளைகளை மாமல்லபுரத்துக்கு அழைத்துச் செல்வோம். அங்குள்ள பெரும்பாறைச் சிற்பம் அஜிதநாதர் புராணத்துச் சகரர் கதையே என்று மயிலை சீனி. வேங்கடசாமி வாதிட்டு நூல் எழுதியதையும் அவர்களுக்குச் சொல்லலாம். பின்பு கடற்கரைக்குச் செல்வோம். ஈரறிவுச் சிப்பி முதல் ஐயறிவு ஆமை வரை நாம் பாடமாகச் சொல்லும் உயிர்வகை அங்கே கண்முன் இருக்கிறது.

ஒரு வாளி நீர் போதும். குடிநீர் பாட்டிலின் உடலையும் மூடியையும் சிறு துண்டுகளாக வெட்டி நீரில் இடச் சொல்லுங்கள். உடல் துண்டு மூழ்கும். மூடித் துண்டு மிதக்கும். ஒரே பொருள் என எண்ணியது இருவகைப் பிளாஸ்டிக் என்பதைப் பிள்ளை தானே கண்டறியும். மறுசுழற்சி ஆலைகளிலும் இவ்வழியே இவற்றைப் பிரிக்கின்றனர். பாட்டிலின் அடியில் முக்கோணத்துள் உள்ள எண் 1 எதைக் குறிக்கிறது என்று அதன்பின் சொன்னால் மறவாது.

காலிப் பாட்டிலில் பூந்தொட்டி செய்து கண்காட்சியில் பரிசு பெறுவதே மறுசுழற்சி என்று பல பள்ளிகளில் கற்பிக்கின்றனர். நமக்கு அதில் அத்துணை உடன்பாடில்லை. ஓராண்டில் அத்தொட்டியும் குப்பையே. பாட்டில் நூலிழையாகித் துணியாகலாம்; அத்துணி மீண்டும் பாட்டிலாவது அரிது. வறுவல் பொட்டலமோ பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிய தாள்; எளிதில் பிரியாது, பெரும்பாலும் சிமெண்டு ஆலை உலைக்கே எரிபொருளாகச் செல்லும். ஆகவே முதலில் கற்பிக்க வேண்டியது வாங்குவதில் வரையறை, அதாவது மிகுபொருள் விரும்பாமை. ஒரு வாரம் தான் எறிந்தவற்றை நாள்தோறும் இரவில் ஒரு குறிப்பேட்டில் எழுதட்டும். பிரதிக்கிரமணம் செய்யும் வீட்டில் வளரும் பிள்ளைக்கு இது புதிதன்று.

பெரியோர்க்கும் ஒரு சொல் உண்டு. நீரைத் துணியால் வடிகட்டிப் பருகும் மரபினர் நாம். அம்மரபினர் கூடும் ஆலய விழாவில் பிளாஸ்டிக் குவளைகள் குவியலாமோ? 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு அவற்றைத் தடை செய்துள்ளது. 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கமும் தொடங்கியது. அரசாணை வந்த பின்னரும் அறம் காத்திருப்பது நமக்கு அழகன்று. எவர்சில்வர் குவளைகளைத் துலக்க நான்கு இளைஞர்கள் முன்வந்தால் போதும்.

கடற்கரையில் இறுதியாக ஒரு பயிற்சி. அலை ஒதுங்கும் கோட்டில் மேல்மணலை மட்டும் அள்ளிச் சல்லடையில் சலிக்கட்டும். ஐந்து மில்லிமீட்டருக்கும் சிறிய பிளாஸ்டிக் துகள்கள் மணலோடு கலந்திருக்கும். அவற்றைப் பொறுக்க நுண்ணிய சல்லடை வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை ஆமைகள் முட்டையிடும் காலமாதலால், அலைக்கோட்டுக்கு மேலே தோண்டக் கூடாது. சல்லடையில் சிறு நண்டோ சிப்பியோ தங்கினால், வடிகட்டிய துணியில் நின்ற உயிர்களை எடுத்த நீர்நிலையிலேயே விடும் முறைப்படி, அள்ளிய அதே ஈரமணலில் பிள்ளைகள் கையாலேயே அவற்றை விடச் செய்யுங்கள்.